மேனேஜரின் கழுத்து

மேனேஜர் பாயில் இடப் பக்கமாகச் சாய்ந்து, நான்கு கால்களையும் நீட்டி, உலகமே அழிந்தாலும் எனக்கென்ன என்கிற முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அகல்யா அதன் முதுகுப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கழுத்தில் வைத்தாள். வைத்ததும் எடுத்தாள். மறுபடி வைத்தாள். வலப் பக்கக் கழுத்தில், காதுக்கு நாலு விரல் கீழே, புளியங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு. தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தபோது அது அங்கே கிடையாது, நடுவில் இரண்டு வாரம் அவள் வரவில்லை.

பதினோரு வயது லாப்ரடார் நாய்க்கு உடம்பில் முடிச்சு விழுவது அதிசயமில்லை. விழுந்த பக்கம்தான் அதிசயம். ஒரு நாயின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தே, அதை நடக்கக் கூட்டிப்போகிறவர் எந்தக் கையில் கயிற்றைப் பிடிக்கிறார் என்று சொல்லிவிடலாம். நாயின் சொந்தக்காரர் ரவிசந்திரன் வலக்கையில் பிடிப்பவர். மேனேஜர் எப்போதும் அவருக்கு வலப் பக்கம் நடக்கும். அவர் இழுக்கிற இழுப்பெல்லாம் அதன் இடப் பக்கக் கழுத்தில் வந்து சேரும். இரண்டு வருஷமாக வாராவாரம் அகல்யா அந்த இடப் பக்கத்தை நீவி இளக்கிவிடுவாள். அடுத்த வாரம் அது பழையபடி இறுகிக் கிடக்கும். வாசல் பெருக்குகிற மாதிரிதான், பெருக்கப் பெருக்கக் குப்பை. இன்றைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் அந்த இடப் பக்கம் வெண்ணெயாக இருந்தது.

“மேனேஜரை இப்ப யாரு சார் வாக்கிங் கூட்டிட்டுப் போறாங்க?” என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

உள்ளேயிருந்து ரவிசந்திரன் குரல் கொடுத்தார். “நாந்தானுங்க அம்மணி. வேற யாரு இருக்கறாங்க இங்க?”

பொய். அகல்யாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. மனிதர்கள் வாயால் ஆயிரம் சொல்வார்கள், நாயின் கழுத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. வேறு யாரோ ஒருவர், இடக்கையில் கயிறு பிடிக்கிற ஒருவர், தினமும் இந்த வீட்டிலிருந்து மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போகிறார். அதை இந்த மனுஷர் தன்னிடம் மறைக்கிறார்.

மறைத்தால் மறைக்கட்டுமே, உனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாரத்துக்கு ஒரு நாள் வந்து நாயை நீவிவிட்டுப் போகிறவளுக்கு அந்த வீட்டுக் கதையெல்லாம் எதற்கு? அகல்யாவும் அன்றைக்குத் தன் வீடு இருக்கும் ஆகுர்டி வரைக்கும் ஸ்கூட்டரில் போகும்போது இதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டாள். பதில் தெரியாமல் இல்லை, சொல்லிக்கொள்ளத்தான் வெட்கமாக இருந்தது.

அவள் இங்கேயே, மராட்டி நாட்டில், தேஹு ரோட்டில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவக் கிடங்கில் கிளார்க் வேலைக்கு வந்தவர். அவள் படித்தது மனிதர்களுக்கான பிசியோதெரபி. சிஞ்ச்வடில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் பக்கவாதக்காரர்களையும் முட்டி மாற்றியவர்களையும் நடக்க வைத்தவள், பிறகு நாய்க்கும் குதிரைக்கும் கையால் நீவிச் செய்யும் வைத்தியம் கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். மளுக்கென்று எலும்பை முறிக்கிற வேலையில்லை இது. கையை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. நாய் பெரிதாக ஒரு கொட்டாவி விடும், குதிரை கீழுதட்டைத் தொங்கப் போட்டு மெல்லும், அப்போது உள்ளே எங்கோ ஓர் இறுக்கம் விட்டுவிட்டது என்று அர்த்தம். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்களெல்லாம் அவளை ‘நாய்க்கு மாலிஷ் பண்ணும் மேடம்’ என்பார்கள். மனுஷங்களை விட்டுட்டு ஏன் இதுங்ககிட்ட வந்தே என்று கேட்கிறவர்களிடம், “அதுங்க கூகுள்ல படிச்சிட்டு வராது” என்று சிரித்துவிடுவாள்.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் யாருமே அந்தப் பேச்சை எடுக்காமல் விட்டார்கள். அம்மாவும் போன பிறகு ஆகுர்டி ஃப்ளாட்டில் அவளும் டிவியும்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏதோ ஓர் உயிரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆனால் அவளைத் தொடுகிற கை? கடைசியாக ஒரு மனிதக் கை அவள் மேல் நிதானமாகப் பட்டது, ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த தையல்காரியின் கைதான். இதை ஒருநாள் யோசித்துப் பார்த்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் அழுதாள்.

பகலெல்லாம் ஹிந்தி, மராட்டி, கொஞ்சம் இங்கிலீஷ். திருநெல்வேலியில் இருக்கிற அக்காவோடு போனில் பேசும் தமிழும் ‘சாப்ட்டியா, மழையா’ என்று சுருங்கிவிட்டது. பிராதிகரண் பகுதியில் ரவிசந்திரனின் மூன்றாவது மாடி வீட்டில் மட்டும்தான் அவள் வாய் நிறையத் தமிழ் பேசுவாள். அவர் கோயம்புத்தூர்க்காரர். வங்கியில் மேனேஜராக இருந்து இங்கேயே ஓய்வு பெற்றவர். நாய்க்குப் பேர் வைத்தது அவர் மனைவி ரமா. சாப்பிட்டதும் படுத்துவிடும், யார் கூப்பிட்டாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். நீங்க பேங்க்ல பண்றதைத்தான் இதுவும் பண்ணுது என்று சொல்லி, அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்துவிட்டாள். ரமா இறந்து மூன்று வருஷம். அதன் பிறகுதான் மேனேஜருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற மறுத்தது, அகல்யா அந்த வீட்டுக்குள் வந்தாள்.

வேலை முக்கால் மணி நேரம். காப்பியும் பேச்சும் ஒன்றரை மணி நேரம். இளநீருக்கு மராட்டியில் என்ன என்பதிலிருந்து கோயம்புத்தூர் வெயில் வரைக்கும் பேசுவார்கள். அவர் “வாங்க அம்மணி” என்று கதவைத் திறக்கும்போது, இந்த ஊரில் தன்னை வேறு யாரும் இப்படிக் கூப்பிடுவதில்லை என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தோன்றும். அது காதலா என்று கேட்டால் அவள் கோபப்படுவாள். வியாழக்கிழமைக்குப் புடவையை முந்தின நாளே தேய்த்து வைக்கிறாயே, அது என்ன என்று கேட்டால் பேச மாட்டாள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது சும்மா சொன்னதில்லை. கயிறு பிடிப்பது ஒரு பெண்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை அவள் வேவு பார்க்கிற கண்ணோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். பார்த்த இடமெல்லாம் அந்த இன்னொருத்தி இருந்தாள். வீட்டில்கூட மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை போடுகிறவர், காலர் இல்லாத டீ-ஷர்ட்டில் நின்றார். தினம் வழவழவென்று மழிக்கிற முகத்தில் நரைத்த தாடி. வாசலில் லேஸ் வைத்த ஷூவைக் காணோம், சும்மா காலை நுழைக்கிற மாதிரி புதுச் செருப்பு கிடந்தது. டபரா டம்ளர் போய்ப் பிடி வைத்த கோப்பை வந்திருந்தது, அதிலும் பாதிக் காப்பி. ஆமாம், சர்க்கரையைக் குறை, காப்பியைக் குறை என்று சொல்கிற ரகமாக இருப்பாள் என்று அகல்யா நினைத்துக்கொண்டாள். இந்த மனுஷரை யாரோ இளமையாக்கிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷமாகக் காப்பியை அவள் கையில் கொடுப்பவர், அன்றைக்கு டீப்பாய் மேல் வைத்துவிட்டு, “எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. கையில் கொடுக்கக்கூட மனசில்லாமல் போய்விட்டதா? வேலைக்காரிக்கு வைக்கிற மாதிரி வைக்கிறாரே என்று கோப்பையை வெடுக்கென்று எடுத்தாள். பொறாமைதான். வேறு பேர் வைத்து என்ன பிரயோஜனம்?

ராத்திரியில் அவள் அந்த இன்னொருத்திக்கு உருவமே கொடுத்துவிட்டாள். ஓய்வு பெற்ற மராட்டி டீச்சர், உயரம், குட்டை முடி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, எதற்கெடுத்தாலும் கணீரென்று சிரிப்பு. இடக்கையில் மேனேஜரின் கயிறு. பாவம், இல்லாத அந்த டீச்சரை அகல்யா வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

அந்த வாரம் பாவ்தனைத் தாண்டி ஒரு குதிரைப் பண்ணையில் வேலை. கஸ்தூரி என்று ஒரு பெண் குதிரை, அகல்யாவைக் கண்டாலே தலையைத் தாழ்த்திக் கொடுக்கும். வழக்கம்போல முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் விரல்களை ஓட்டத் தொடங்கினாள். கஸ்தூரி தோலைச் சிலிர்த்தது. ஓர் எட்டு விலகியது. இன்னொரு தடவை கை வைத்ததும் திரும்பி அவள் சட்டைக் கையைப் பல்லால் பிடித்து இழுத்துவிட்டு மூக்கால் சீறியது. “ஆஜ் மூட் நஹீ ஹை” என்று குதிரைக்காரர் சிரித்தார். மூட் இல்லாதது குதிரைக்கு அல்ல. காத்திருக்கத் தெரியாத கை எது என்று குதிரைக்குத் தெரியும். அகல்யா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். தன் பிழைப்பே இந்தக் கைதான், அதுவும் இப்படிக் கெட்டுப் போனால் என்ன ஆவது? யார் அவள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் இந்தச் சனியன் விட்டுவிடும் என்று முடிவு பண்ணினாள்.

மறுநாள் விடிந்ததும், மேனேஜர் தினமும் நடக்கப் போகும் பிராதிகரண் தோட்டத்து வாசலுக்குப் போய்விட்டாள். நல்ல குளிர். குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர்கள் கைகளை வீசிக்கொண்டு போனார்கள். உள்ளே சிரிப்புச் சங்கத்துக்காரர்கள் காரணமில்லாமல் ஹா ஹாவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்க முடியாதே, மூலிகை ஜூஸ் வண்டிக்காரரிடம் போய் ஏதோ ஒன்று கேட்டாள். அவர் பாகற்காய் ஜூஸை நீட்டினார். வந்த வேலைக்கு ஏற்ற பானம்தான் என்று குடித்தாள்.

ரவிசந்திரன் வந்தார். தனியாகத்தான் வந்தார்.

கயிறு அவருடைய இடக்கை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. வலக்கை பேண்ட் பைக்குள் இருந்தது. வலது செருப்பின் முனை ஒவ்வோர் அடிக்கும் தரையில் தேய்ந்து சர், சர் என்று சத்தம் போட்டது. மேனேஜர் அவருக்கு இடப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஓர் அடி வைக்கும், நிற்கும். தன் வலது தோளை அவர் முழங்காலோடு ஒட்டி அழுத்திக்கொள்ளும். அவர் அதன் மேல் பாரத்தைச் சாய்த்து, வலக்காலை இழுத்து முன்னால் வைப்பார். பிறகு அது அடுத்த அடியை வைக்கும். வேகத்தடை வந்ததும் அதுதான் முதலில் நின்றது. பலமில்லாத காலுக்கு எதிர்ப் பக்கம்தான் ஊன்றுகோலைப் பிடிக்க வேண்டும் என்று அகல்யா ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறாள். மேனேஜருக்கு யார் சொன்னது?

ஜூஸ் கிளாஸ் அவள் கையில் அப்படியே நின்றது. இந்த நடையை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். தாடி இல்லை அது, பிளேடு பிடிக்க முடியாத கை. டீ-ஷர்ட் இல்லை, பித்தான் போட முடியாத விரல்கள். டபரா வழுக்கும், லேஸ் கட்ட வராது, முழுக் கோப்பை தளும்பும். எல்லாம் கண்ணெதிரே இருந்தது. அந்தக் கழுத்தைத் தொட்டதும் கை சரியாகத்தான் சொன்னது. இவள்தான் அதை வேறு மாதிரி கேட்டுக்கொண்டாள். ஒரு மனுஷர் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்த வீட்டில் உட்கார்ந்து, எத்தனை வியாழக்கிழமை பெண் வாசனை தேடிக்கொண்டிருந்தாள்! சீ என்று ஆகிவிட்டது.

ஓடிப் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் திடுக்கிட்டு, பைக்குள் இருந்த கையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். மேனேஜர் மட்டும் வாலை ஆட்டியது.

“எப்பலேர்ந்து சார் இது?”

“எதுங்க?”

“சார்.”

அவர் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். உட்காருவதற்கே நேரம் பிடித்தது. “தீபாவளி அன்னைக்குங்க. காலைல எந்திரிச்சா கை மரத்துப் போய்க் கெடந்துது. படுத்த வாக்கு சரியில்லைன்னு நெனச்சேன்.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போகலீங்க.”

“அரே, என்ன சார் நீங்க! இது பக்கவாதம். சின்னதா வந்து சொல்லிட்டுப் போயிருக்கு. அடுத்தது சின்னதா வராது.”

“தெரியுமுங்க அம்மணி” என்றார் அவர். குரலில் பயம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. “பையன் கௌஷிக் போன தடவ வந்தப்பவே சொல்லிப்போட்டானுங்க. இனி ஏதாச்சும் ஒண்ணுன்னா உங்களத் தனியா உட மாட்டேன்னு. கோயமுத்தூர்ல எடம் பாத்து வெச்சிருக்கறான், வயசானவங்களுக்குன்னே கட்டுனது. டாக்டரு, நர்சு, கோயலு, எல்லாம் உள்ளயே இருக்குதாம். நாய்க்குத்தான் எடமில்லீங்களாம்.” மேனேஜரின் தலையில் இடக்கையை வைத்தார். “இவனுக்குப் பதினோரு வயசுங்க. மிஞ்சிப் போனா இன்னும் ரெண்டு வருசம். அது வரைக்கும் நானு நின்னுட்டாப் போதும். அப்பறம் எங்க கொண்டுபோய்ப் போட்டா என்னங்க?”

சிரிப்புச் சங்கத்துக்காரர்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள்.

“காப்பிய டீப்பாய் மேல வெச்சனே, தப்பா நெனச்சிருப்பீங்க” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “சோத்துக் கைல கோப்பை நிக்கலீங்க. உங்களுக்குப் போயி இடக்கைல குடுக்க மனசு வரல.”

அகல்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம் சார். நானே கூட வர்றேன்” என்றாள்.

“டாக்டர் மொத வேலையா அவனத்தான் கூப்புடுவாரு. வேண்டாமுங்க. நீங்களே பாத்துக்குங்க. இதானே நீங்க படிச்ச படிப்பு? தெனமும் வாங்க, சொல்லிக் குடுங்க, நான் பண்றேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “கௌஷிக்குக்குத் தெரிய வேண்டாம் அம்மணி. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.”

நம்ம ரெண்டு பேருக்குள்ள. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை. அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, காம்பவுண்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தினம் காலையில் இந்தக் கேட்டுக்குள் நுழையலாம். அந்தக் கையைத் தன் கைகளில் வாங்கி ஒவ்வொரு விரலாக மடக்கி விரிக்கலாம். காப்பியை அவளே போடலாம், சமையலறையில் எது எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ளலாம். ஒரு வீடு, ஒரு மனுஷர், ஒரு நாய், மூன்று பேருக்கும் நடுவில் ஒரு ரகசியம். கடவுளே, எவ்வளவு ஆசையாக இருந்தது! கேட்டதெல்லாம் தட்டில் வைத்து நீட்டியாகிவிட்டது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் படித்த படிப்பு சும்மா இருக்கிறதா? விரல்களை அவள் மடக்கி விரிக்கலாம். உள்ளே ரத்தக்குழாயில் எங்கோ உட்கார்ந்திருக்கிறதே, அதை எந்த நீவலும் கரைக்காது. அது ஒருநாள் குளியலறையில் அவரைத் தள்ளிவிடும். கதவுக்கு வெளியே மேனேஜர் நின்றுகொண்டிருக்கும்.

அப்பாவுக்கு ஏதாவதுன்னா கால் பண்ணுங்க ஆன்ட்டி என்று கௌஷிக் எப்போதோ தன் எண்ணைக் கொடுத்திருந்தான். பெங்களூரில் இருக்கிறான். அவள் அழைத்தாள்.

“வாட்? எவ்ளோ நாளா ஆன்ட்டி? அப்பா டெய்லி பேசறாங்க, ஒண்ணுமே சொல்லல...” அவனுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும், அன்றைக்கு இன்னும் திக்கியது. “ப்ளீஸ், நீங்க இப்பவே ஹாஸ்பிடல் கூட்டிட்டுப் போறீங்களா? ஐ வில் கெட் த நெக்ஸ்ட் ஃப்ளைட்.”

மேலே போய் மணியை அழுத்தினாள். ரவிசந்திரன் கதவைத் திறந்தார். அவள் முகத்தையும் கையிலிருந்த போனையும் பார்த்தார்.

“சொல்லிட்டீங்களா?” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அவர் உள்ளே போய், மேனேஜரின் தண்ணீர்க் கிண்ணத்தை இடக்கையால் நிரப்பி வைத்தார். பாதி தரையில் கொட்டியது. குனிந்து துடைக்கப் போனார், அவள் வாங்கித் துடைத்தாள். டாக்ஸியில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

கழுத்து ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். மறுநாளே ஆபரேஷன். கௌஷிக் மத்தியானத்துக்குள் வந்துவிட்டான். நல்ல பிள்ளை, வந்ததும் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, “தேங்க்ஸ் ஆன்ட்டி, நீங்க இல்லன்னா...” என்று அழுதான். மனிதக் கை. அவளுக்கு அப்போது அதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் தயங்கித் தயங்கி வார்டுக்குள் போனாள். கட்டிலில் அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். தாடியை யாரோ மழித்துவிட்டிருந்தார்கள்.

“சார், எதாவது வேணுமா? வலிக்குதா?”

அவர் திரும்பவில்லை. “நஹீ மேடம்” என்றார். “சப் டீக் ஹை. ஆப் ஜாயியே.”

எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள் போகலாம். பேங்க் கவுண்டருக்கு வெளியே நிற்கிற யாரோ ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி, மரியாதையில் ஒரு குறையும் இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். துரோகி என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றிருப்பாள். கட்டில் கம்பியில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் கௌஷிக் வீட்டுச் சாவியைக் கொடுத்தான். “ஆபரேஷன் முடியற வரைக்கும் மேனேஜரைப் பாத்துக்குவீங்களா ஆன்ட்டி? அப்புறம்... அப்பாவை நேரா கோயம்புத்தூர்தான். அங்க டாக்ஸ் அலவ் பண்ண மாட்டாங்க. எங்க ஃப்ளாட்ல பேபி இருக்கு. யாராவது வெச்சுக்குவாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா? இல்ல, ஷெல்டர் எதாவது...” அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவரிடமிருந்து அதையும் நானே எடுத்துக்கொண்டதாக ஆகாதா என்று நினைத்ததும் வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

வீட்டைத் திறந்தபோது மேனேஜர் கதவுக்கு நேரே நின்றிருந்தது. அவளைத் தாண்டி மாடிப்படியை எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. தண்ணீர்க் கிண்ணம் வைத்தபடியே இருந்தது. அகல்யா கயிற்றை மாட்டி லிஃப்டில் கீழே கூட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் இருட்டவில்லை. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், வடாபாவ் வண்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கயிறு அவள் வலக்கையில்தான் இருந்தது. மேனேஜர் அவள் முன்னால் சுற்றி வந்து, தானாகவே இடப் பக்கம் நின்றுகொண்டது.

ஓர் அடி வைத்தது. நின்றது. வலது தோளை அவள் முழங்காலோடு ஒட்டி அழுத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

“எனக்கு ஒண்ணுமில்லடா” என்றாள் அகல்யா. “நட.”

அது நடக்கவில்லை. சைக்கிள்கள் இரண்டு பக்கமும் விலகிப் போயின. பின்னால் வந்த ஒரு பெண் ‘சைட்’ என்று சொல்லி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள். மேனேஜர் தன் முழு உடம்பையும் அவள் காலுக்கு முட்டுக் கொடுத்து, மூச்சு வாங்க, காத்துக்கொண்டு நின்றது. அகல்யாவின் கால்களில் ஒரு குறையும் இல்லை. அவள் மெல்ல அதன் தோளில் பாரத்தைச் சாய்த்து, வலக்காலை எடுத்து முன்னால் வைத்தாள்.